எழுத்தில் மயங்கிய வாக்கியங்கள்: உங்களுக்கு எதிர்ப்பட்டவை

மெய்ப்புமேசை
குழந்தைகள் கதை ஒன்று. "பூனை துரத்திய நாய் வேலியைத் தாண்டியது." ஓவியர் கேட்டது ஒரே கேள்வி: "யார் முன்னால ஓடுறது?" எழுதியவருக்கு நாய்தான் துரத்துது. ஓவியருக்குப் பூனை. 'ஐ' விட்டுப்போனதால் வந்த வினை. "பூனையைத் துரத்திய நாய்" என்று திருத்தியாச்சு. அதுவரை படித்த ஒருத்தருக்கும் சந்தேகமே வரலைங்கிறதுதான் இன்னும் உறுத்துது.

உரைப்பிரியர்
புலிகொல்யானை! தொல்காப்பிய உரைகளில் வர்ற அதே மயக்கம்: கொன்றது புலியா, யானையா? "புலிகொல்யானை ஓடுகிறது" என்றால் யானை உயிரோட இருக்கு, செத்தது புலி. "புலிகொல்யானைக் கோடு வந்தது" என்றால் தந்தம் மட்டும் வந்திருக்கு, செத்தது யானை. பின்னால் வரும் சொல்லைப் பாருங்க, போதும்.

காற்புள்ளி
போதாது. வேலியை ரெண்டுமே தாண்டும், பின்சொல் இங்கே என்ன செய்யும்? தவிர, இந்தச் சிக்கல் அஃறிணையோட சரி. "மேலாளர் ஏமாற்றிய கணக்காளர்" என்றால் ஏமாந்தவர் கணக்காளர்தான். உயர்திணையில் 'ஐ'யை விடமாட்டோம். "பால் குடித்த பூனை"யிலும் குழப்பமில்லை, பால் எதையும் குடிக்காது.

நாள்காட்டி
இலக்கணத்தை விடுங்க. புதன்கிழமை போன குறுஞ்செய்தி: "அடுத்த வெள்ளி கூட்டம்." சிலர் ரெண்டே நாளில் வந்து பூட்டின கதவு முன்னாடி நின்னாங்க. அழைப்பு எழுதுறவங்க 'வர்ற', 'அடுத்த' ரெண்டையும் தவிர்த்து, தேதியையும் கிழமையையும் சேர்த்தே போடுங்க. ஒண்ணு தப்பானா மற்றது காட்டிக்கொடுக்கும். "சனி இரவு 12 மணி" படு ஆபத்து: சனி தொடங்குற நள்ளிரவா, முடியுறதா? கெடு என்றால் 23:59 என்று எழுதுங்க. "3 நாளுக்குள்" என்றால் இன்றைக்கும் சேர்த்தா? கடைசித் தேதியையே கொடுத்திடுங்க. "ஒரு பத்து பேர்" என்பதில் அந்த 'ஒரு' வந்தாலே தோராயம்தான்; நாற்காலி எண்ணிப் போடுறவரிடம் அப்படிச் சொல்லாதீங்க.

உரைப்பிரியர்
காற்புள்ளி சொல்றதில் பாதி சரி. பலபொருள் ஒருசொல்லுக்குத் தொல்காப்பியம் காட்டும் வழி மூணு: வினை, இனம், சார்பு. 'மா' என்பது மாமரமும் ஆகும், குதிரையும் ஆகும். "மா பூத்தது" என்றால் மரம், வினை சொல்லிடுது. "மாவும் மருதும் ஓங்கின" என்றாலும் மரம்தான், கூட வர்ற மருத மரம் காட்டிடுது, அது இனம். கவசம் போட்டு நிற்பவன் மா கேட்டால் குதிரை, அது சார்பு. "மா வீழ்ந்தது" என்பதற்கு இது எதுவும் உதவாது. அங்கே மாமரம் என்று வெளிப்படையாச் சொல்லணும், அதையும் தொல்காப்பியமே சொல்லிடுது.

காற்புள்ளி
அப்போ 'ஐ' போடணும்னுதானே?