முன் ரெயில் (முன்புறச் சட்டம்) மடங்கிய சிவிக் கார்: காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம். வண்டி 2008 ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர், மேனுவல் கியர். அப்பா வாங்கியது, நான் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

மூன்று வாரத்துக்கு முன், இரவு ஒன்பது மணி இருக்கும். தார் போடுவதற்காகச் சாலையைச் சுரண்டி, வளைவில் ஜல்லியை அப்படியே விட்டிருந்தார்கள். எச்சரிக்கைப் பலகை இல்லை, விளக்கும் இல்லை. பிரேக் பிடித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடித்ததே தவிர வண்டி நிற்கவில்லை. உதிரி ஜல்லியில் அது இன்னும் தள்ளித்தான் நிறுத்தும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாலத்தின் கட்டைச்சுவரில் மோதியது. எனக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும். ஏர்பேக் என்னைக் காப்பாற்றிவிட்டது.

ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் நொறுங்கிவிட்டன. இடது முன் ரெயில், அதாவது எஞ்சினுக்குப் பக்கத்தில் முன்னோக்கி நீளும் எஃகுச் சட்டம், உள்ளே மடங்கியிருக்கிறது. எஞ்சினைச் சில நொடி ஓட்டிப் பார்த்தோம், வேறு சத்தம் இல்லை. நான்கு கதவுகளும் முன்போலவே மூடுகின்றன.

இன்சூரன்ஸ் சர்வேயர் டோட்டல் லாஸ் (பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது) என்று எழுதிவிட்டார். ஒரு பட்டறையில் ரெயிலைச் சூடாக்கி இழுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, சூடு பட்டால் அந்த எஃகின் வலு குறைந்துவிடும். இன்னொரு பட்டறையில் கையே வைக்க மாட்டோம் என்றார்கள். பழைய வண்டியிலிருந்து வெட்டியெடுத்த ரெயில் தேடினேன், கிடைத்ததெல்லாம் துருப்பிடித்தவை. சாலை வேலை செய்தவர்களுக்குப் படங்களோடு எழுதினேன், பதில் இல்லை.

வண்டியை ஒப்படைப்பதா, வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

முன் ரெயிலைப் புதிதாக மாற்றி, ஜிக்கில் (வண்டியின் சட்டத்தைச் சரியான அளவில் பிடித்து வைக்கும் தாங்கி) அளவு பார்த்துப் பொருத்தி, அதன் பிறகு நெடுஞ்சாலையில் நம்பி ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?