ஃபிஸ்டுலா ஊசி வலிக்கு ஐஸ் வைக்கலாமா?

பாபநாசம் மகள்:
அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் தஞ்சாவூரில் டயாலிசிஸ். வெயிலிலும் சேற்றிலும் கிடந்து காய்த்துப்போன கை அவருடையது. ஆனால் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவில் ஊசி ஏறும்போது பெட்ஷீட்டைக் கசக்கிப் பிடித்துக்கொள்கிறார். முந்தின ராத்திரியே "நாளைக்கு வேண்டாம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறார். பக்கத்துக் கட்டில் பெரியவர் கையில் ஐஸ் வைத்துக்கொள்கிறார். நாங்களும் செய்யலாமா?

கும்பகோணம் சிஸ்டர்:
செய்யலாம்மா. முதலில் ஒன்று: அப்பா பயந்தவர் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போடும் ஊசி 21, 22 கேஜ். ஃபிஸ்டுலா ஊசி 15 முதல் 17. எண் குறையக் குறைய ஊசி தடிமன். அதுவும் ஒவ்வொரு முறையும் இரண்டு.

ஃபிஸ்டுலா கையில் ஐஸ் வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். ஈரம் பட்டால் ஊசிக்காகத் துடைத்துச் சுத்தமாக்கி வைத்த இடமும் கெடும். மறு கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதையில், துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் மெதுவாகத் தேயுங்கள். ஊசிக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, இரண்டாவது ஊசி ஏறும்வரை விடாதீர்கள். நம் நாட்டு டயாலிசிஸ் நோயாளிகளிடமே இப்படிச் செய்து பார்த்து, வலி குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஓர் உணர்வு இன்னொன்றை அமுக்கும் என்பதை மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் 1965-லேயே வாசல் கோட்பாடாக எழுதினார்கள்.

மன்னார்குடிக்காரன்:
அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? கை மரத்துப் போனவர்களுக்குக் குளிர் உறைக்காது, தோல் புண்ணாகிவிடும். எங்கள் அம்மாவுக்கு அதனால் ஐஸ் வேண்டாம் என்றார் டாக்டர். லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரப்புக் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் முன்பே பூச வேண்டும், வீட்டில் கிளம்பும்போதே பூசிவிடுவோம். போனதும் சிஸ்டர் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் ஊசி போடுவார்.

பாபநாசம் மகள்:
சர்க்கரை இல்லை அண்ணா. சரி, நாளைக்கு ஃபிளாஸ்க்கில் ஐஸ் எடுத்துப் போகிறேன். மிச்சத்தை அப்பா வாயில் போட்டுக்கொள்ளக் கேட்பார், கொடுக்கலாமா சிஸ்டர்?

கும்பகோணம் சிஸ்டர்:
ஒரு கட்டி கொடுங்கள், தாகம் அடங்கும். ஆனால் அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் சிஸ்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.