மறுமொழி: 'முகவாதம்' வேண்டாம், 'முகநரம்பு நலிவு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முகத்தின் ஒரு பக்கத் தசைகள் செயலிழந்து வாய் கோணும் நோய்க்கு (facial palsy) நம் மருத்துவக் கையேட்டிலும் சுவரொட்டியிலும் எந்தத் தமிழ்ப் பெயரை எழுதுவது என்று மூன்று நாட்களாக இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். "முகவாதம் என்ற சொல் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் குலைக்க வேண்டாம்" என்று மூத்த நண்பர் எழுதியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐயா, வழக்கில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதுச்சொல் செய்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்த ஒரு சொல் என் கண்ணெதிரிலேயே இரண்டு பேருக்குத் தீங்கு செய்திருக்கிறது.

என் பெரியம்மா ஒருநாள் காலையில் காபி குடிக்கும்போது கடைவாயில் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தார்; வாய் இடப்பக்கம் கோணியிருந்தது, வலக்கண் மூடவில்லை. அக்கம்பக்கத்தார் "முகவாதம்" என்றார்கள். 'வாதம்' என்று கேட்டதுமே கைகாலும் விழுந்துவிடும் என்று முடிவு செய்துகொண்டு அவர் படுத்துவிட்டார். எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடம் கொடுப்பதுமாக இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இந்த நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார் அவர். விளிம்பில் போய்ச் சேர்ந்திருந்தோம். பெரியம்மா தேறிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அதே தெருவில் ஒரு பெரியவருக்கு வாய் கோணியது. "அந்த அம்மாவுக்கு வந்த அதே முகவாதம்தான், தானாகச் சரியாகிவிடும்" என்று வீட்டார் அவரைத் தூங்க வைத்தார்கள். அது மூளையில் இரத்தக்குழாய் அடைத்ததால் வந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மறுநாள் போனார்கள். அவருடைய வலக்கை இன்றும் எழவில்லை.

ஒரே சொல் ஒருவரை வீணாகப் பயமுறுத்தியது, இன்னொருவரை வீணாகத் தேற்றியது. இதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கையேட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

சித்த மருத்துவம் வாத நோய்களை 80 என்று வகுத்திருக்கிறது. அந்த முறைக்குள் வாதம் என்பது ஒழுங்கான பொருளுள்ள சொல்; அதில் நான் கை வைக்கவில்லை. சிக்கல் நம் கையேடுகளில்தான். பக்கவாதம் மூளையின் இரத்தக்குழாய் நோய், ஈழத்தில் அதைப் பாரிசவாதம் என்கிறார்கள். முடக்குவாதம் மூட்டுகளின் நோய். இளம்பிள்ளைவாதம் வைரஸால் வருவது. இத்தனையும் ஏற்றிய வண்டியில் முகத்தையும் ஏற்றினால், படிப்பவர் தமக்குத் தெரிந்த வாதத்தைத்தான் நினைத்துக்கொள்வார்.

'முக இழுப்பு' என்று முன்மொழிந்த அம்மாவுக்கு: அது பேச்சுவழக்கில் இருக்கும் அழகான சொல், ஆனால் நோயைத் தவறான பக்கத்தில் காட்டுகிறது. வாய் இழுத்துக்கொள்வது நலமான பக்கத்துக்கு. நோயுற்ற பக்கத்துத் தசை தொய்ந்து கிடப்பதால் நல்ல பக்கத்துத் தசை எதிர்ப்பின்றி இழுக்கிறது. பெரியம்மா இடக்கன்னத்துக்கே ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நரம்பு கெட்டது வலப்பக்கத்தில். இழுப்பு என்றால் வலிப்பையும் மூச்சிரைப்பையும் நினைப்பவர்களும் உண்டு.

ஆங்கிலப் பெயரை (Bell's palsy) ஒட்டி முன்மொழிந்த 'பெல் வாதம்' பற்றி. சார்லஸ் பெல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். முகத்தின் நரம்புகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1821இல் வந்தது. மதிப்புக்குரிய பணிதான். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி முகம் செயலிழப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழில் 'பெல்' என்று எழுதினால் படிப்பவர் வாசல் மணியை நினைப்பார். அதோடு, வேறு காரணம் எதுவும் பிடிபடாதபோதுதான் அந்தப் பெயரை வைக்கிறார்கள். காதில் நெடுநாள் சீழ் வடிவது, அக்கி, தொழுநோய், அடிபடுதல், கட்டி என்று இதே நரம்பைக் கெடுக்கும் காரணங்கள் பல. நமக்கு முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் வேண்டும். அதற்கு முன்னால் 'காரணமறியா' என்று சேர்த்தால் 'பெல் வாதம்' குறிப்பது கிடைத்துவிடும்.

'முகநரம்புத் தளர்ச்சி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. பிறகு பேருந்து நிலையச் சுவர்களை நினைத்துப் பார்த்தேன். 'நரம்புத் தளர்ச்சி' என்பதை விடுதியில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியர்களின் விளம்பரங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டன. வாய் கோணி வரும் ஒரு பெண்ணின் சீட்டில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: முகநரம்பு நலிவு. நலிவு என்பதில் இழப்பு இருக்கிறது, முற்றும் போய்விட்டது என்ற தீர்ப்பு இல்லை. நோயின் இயல்பும் அப்படித்தான். டென்மார்க்கில் 25 ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த மருத்துவர் பைட்டர்சனின் (Peitersen) ஆய்வில், காரணமறியா வகையில் 71 விழுக்காட்டினர் மருந்தே இல்லாமல் முழுமையாகத் தேறினார்கள். முகநரம்பு எந்த அளவு செயலிழந்திருக்கிறது என்று குறிக்க 1985 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஹவுஸ்–பிராக்மன் ஆறுபடி அளவையும் 'நலிவுப் படி' என்று எளிதாக எழுதலாம். பெரியம்மாவிடம் சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்டேன். "மெலிந்து கிடக்கிறது, கவனித்தால் தேறும்" என்றார்.

ஆனால் இது மருத்துவர் சோதித்த பிறகு எழுதும் பெயர். வீட்டில் சொல்ல வேறு சொல் வேண்டும். அதற்கு 'முகத்தொய்வு' போதும். காரணம் மூளையா நரம்பா என்று அது சொல்லாது, சொல்லவும் கூடாது. மூளையில் கோளாறு என்றால் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும், ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. நரம்பே நலிந்தால் நெற்றியும் சேர்ந்து தொய்கிறது. இந்த வேறுபாட்டைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. விதிவிலக்குகள் உண்டு, வீட்டில் நெற்றியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். முகத்தொய்வு என்றால் உடனே போக வேண்டும். அவ்வளவுதான் முதல் பக்கம்.

இந்த நரம்போடு வரும் மற்றச் சொற்களையும் இப்போதே பார்த்துவிடுவோம். முகநரம்பு, அதாவது ஏழாம் மூளைநரம்பு, காதெலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியே வருகிறது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் விலக இடமில்லை. வரும் வழியில் நடுக்காதில் இருக்கும் அங்கவடி எலும்பின் சின்னஞ்சிறு தசைக்கும் ஒரு கிளை கொடுக்கிறது. பெரும் ஓசை வரும்போது அதைத் தணிக்கும் தசை அது. அது ஓய்ந்தால் சிறு ஓசையும் காதைத் துளைக்கும். பெரியம்மா குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்; எங்களுக்குக் காரணம் புரியவில்லை. இந்த நிலைக்கு 'செவிக்கூச்சம்' என்று வைக்கலாம். பல் கூசுகிறது, கண் கூசுகிறது என்கிறோம், காதும் கூசட்டும்.

கண் மூடாத நிலைக்கு 'முயற்கண்' என்ற பரிந்துரை கிரேக்கச் சொல்லின் நேர்பெயர்ப்பு. தமிழில் முயல் கண் திறந்து தூங்குவதாக யாரும் நினைப்பதில்லை. 'இமையாமை' என்றால் தேவர்களாகிய இமையவர் நினைவுக்கு வருகிறார்கள். 'இமைமூடாமை' என்று வெறுமையாகவே இருக்கட்டும். கண்ணீர்ச் சொட்டு மருந்தும் இரவில் இமையை ஒட்டிவைக்கும் பட்டையும் தவறினால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே குறையும். அந்த எச்சரிக்கையைச் சொல் மறைக்கக் கூடாது.

கேட்பதற்கும் உடல் சமநிலைக்கும் உரிய எட்டாம் நரம்பு பற்றி ஒன்று மட்டும். உட்காதின் எலும்புவழியில் அது ஏழாம் நரம்போடு சேர்ந்தே ஓடுகிறது. அதனால்தான் 1907இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்ட் விவரித்த அக்கி நோயில் காதில் கொப்புளமும் முகநரம்பு நலிவும் வரும்போது, கேள்திறன் குறைவும் தலைச்சுற்றலும் கூடவே வரலாம். அந்தத் தலைச்சுற்றலை 'மயக்கம்' என்று எழுதியிருக்கும் வரிகளை மாற்ற வேண்டும். நினைவு தப்புவதும் மயக்கம், அறுவைக்கு முன் கொடுப்பதும் மயக்கம். அறை சுழல்வது தலைச்சுற்றல் மட்டுமே.

சுவரொட்டி அச்சுக்குப் போகுமுன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. 'முகத்தொய்வு' என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'வாய் கோணுதல்' என்று போடலாமா? போடலாம் என்பது என் கருத்து. கிராமத்தில் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள். 'முகநரம்பு நலிவு' இரண்டு சொல்லாகவா, ஒரே சொல்லாகவா? பிரித்தே எழுதினால் 'காரணமறியா' என்ற அடைமொழி முன்னால் நெருக்கடியின்றி அமர்கிறது. புறநோயாளிப் பிரிவில் இருக்கும் நண்பர்கள் இந்த இரண்டையும் நோயாளிகளிடம் படித்துக்காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

அன்புடன்