6ஜி வெல்டிங் டெஸ்டில் ரூட் ஃபெயில்: வெல்டர் அண்ணன்மார் வழி சொல்லுங்க

வளைகுடா பைப்லைன் வேலைக்கான இன்டர்வியூ. 6 இன்ச், ஷெட்யூல் 80 (சுவர் தடிமன் வகை) கார்பன் ஸ்டீல் பைப், 45 டிகிரி சாய்வில் அசையாமல் வைத்தது; 6ஜி என்பது இதுதான். ரூட் (அடியில் ஓட்டும் முதல் வெல்ட்) ஆர்கான் வாயு காக்கும் டிக் வெல்டிங், 2.4 மி.மீ. ஃபில்லர் கம்பி, மேலே 7018 வெல்டிங் ராடு. எக்ஸ்ரேயில் ஃபெயில். ரிப்போர்ட் கையில் தரவில்லை, வாயால் சொன்னது: ரூட் பெனட்ரேஷன் இல்லை (அடிவரை உருகிச் சேரவில்லை), மேலே போராசிட்டி (வாயுக் குமிழி ஓட்டைகள்).

ரூட் கேப் (இரண்டு பைப்புக்கும் நடுவே விடும் சந்து) 3 மி.மீ. என்றார்கள். ஆனால் டேக் (பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்ட்) அடித்துக் கொடுத்த பீஸில் ஒரு பக்கம் 2 மி.மீ. கூட இல்லை. கிரைண்டர் கேட்டால் கிடையாது. 2.4 ஃபில்லர் அந்தச் சந்துக்குள் எப்படி நுழையும்? போதாததற்கு, ஓட்ட ஓட்டக் கடைசிக் கால்வட்டம் சுருங்கி இன்னும் மூடிக்கொள்ளும். தலைக்கு மேலே ஃபேன் வேறு, ஆர்கானை அடித்துக்கொண்டு போகிறது.

ராடு, ஏற்கெனவே பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து. 7018 ஈரம் இழுத்தால் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகு 120 டிகிரி ஓவனில் வைத்திருக்க வேண்டும். அங்கே ஓவனே இல்லை. ஆர்க் நீளமானாலும் போராசிட்டி வரும்தான், மறுக்கவில்லை.

கேட்க வேண்டியது: கிரைண்டர் இல்லாதபோது இறுகிய கேப்பை டேக் உடைத்துத் திறக்க அனுமதி கேட்கலாமா, இல்லை கரண்ட் ஏற்றி கீஹோல் (முன்னால் உருகித் திறக்கும் சிறு துளை) பிடிப்பதே வழியா? எக்ஸ்ரே ஃபிலிமைப் பார்க்கக் கேட்டால் காட்டுவார்களா? மறு டெஸ்டுக்கு ஏஜென்ட் தனியாகப் பணம் கேட்கிறார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப ஏஜென்ட் வாங்கும் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்; அதற்கு வெளியே இதை வாங்கலாமா? ரசீதோடு கட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்க.