புதுப்பிப்பு: அரிய நூல் கண்காட்சி திறந்தாயிற்று

நூலகத்தின் பழைய அச்சு நூல்களையும் கையெழுத்துக் கடிதங்களையும் காட்சிக்கு வைக்கிறோம், வெளிச்சம், நூலை விரித்து வைக்கும் தாங்கி, காட்சிப் பெட்டி இதையெல்லாம் எப்படி முடிவு செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை நல்லபடியாக முடிந்தது.

வெளிச்சத்தை 50 லக்ஸில் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) நிறுத்தினோம். கூடத்தின் மற்ற விளக்குகளையும் தணித்ததால் கண் பழகிவிடுகிறது, எழுத்து நன்றாகவே தெரிகிறது. ஒளியால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அதனால் கடிதங்களை மூன்று மாதத்தில் எடுத்துவிடுவோம். நூல்களில் விரித்து வைத்த பக்கத்தை அவ்வப்போது மாற்றுவோம்.

அதிக நேரம் பிடித்தது தாங்கிகள்தான். நூல் தானாக எவ்வளவு விரிகிறதோ அந்த அளவுக்கே தாங்கி. ஒரு தடித்த நூல் 90 பாகைக்கு மேல் விரியவில்லை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அமிலமற்ற அட்டையை மடித்து, பக்கங்கள் குறைவாக உள்ள புறத்தைச் சற்று உயர்த்தி, நூலின் முதுகுக்கு அழுத்தம் வராமல் செய்தோம். பக்கங்களைப் பிடிக்கத் தெளிவான பாலியெஸ்டர் பட்டை. அதைத் தாங்கியோடு சேர்த்துச் சுற்றி, முனைகளைப் பின்புறம் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். பசை தாளில் படவே கூடாது! கிளிப் போடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை, அது ஓரத்தில் தடம் பதித்துவிடும்.

பெட்டியின் அடித்தளம் எம்டிஎஃப் பலகை, அதாவது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அதிலிருந்து அமில ஆவி வரும் என்பதால் அலுமினியத் தடுப்புப் படலம் ஒட்டி, அதன்மேல் துணி விரித்தோம். பெட்டிக்குள் ஈரப்பதம் சீராக இருக்க, 50 சதவீத ஈரப்பதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சியும் வெளிவிட்டும் அளவைச் சமன் செய்யும் மணிகள்). அப்புறம், பெட்டிக்குப் புது வண்ணம் பூசுபவர்கள் அது காய்ந்து வாடை அடங்கச் சில வாரங்கள் விடுங்கள்.