ஓகஸ்ட் விடுமுறை வாசிப்பு: வன்னி எழுத்தாளர்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

கச்சான்காற்று:
எங்கட சனசமூக நிலைய வாசிகசாலையில் ஓகஸ்ட் விடுமுறைக்கு வாசிப்பு வட்டம் வைக்கிறம். தரம் 9 முதல் 11 வரை 12 பிள்ளைகள், 4 கிழமை, பின்னேரம் ஒரு மணித்தியாலம். எல்லாம் வன்னியைப் பற்றி வன்னி ஆக்களே எழுதினதாக இருக்கவேணும். எதை முதல் எடுக்கிறது, எத்தனை பிரதி வேணும், எது இந்த வயசுக்குச் சரிவராது? பழைய நாவல்கள் கடையில் கிடைக்குதில்லை.

முள்ளியவளை வாசகி:
நாவலில் தொடங்காதேங்கோ. இரண்டாம் நாளே பாதிப்பேர் வரமாட்டினம். முதல் கிழமைக்குத் தாமரைச்செல்வியின் சிறுகதைகள் எடுங்கோ: 'ஒரு மழைக்கால இரவு' (1998), 'வன்னியாச்சி' (2005). அவர் பரந்தன் குமரபுரத்துக்காரர், பேச்சு பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட பேச்சாகவே இருக்கும். நாளுக்கு ஒரு கதை, சத்தமாக. ஒருவர் 2 பக்கத்துக்கு மேல வாசிக்க விடாதேங்கோ. குரல் களைச்சால் கேட்கிறவையின்ர கவனமும் கலைஞ்சிடும். 4 பேருக்கு ஒன்றாக 3 பிரதி காணும்.

இரண்டாம், மூன்றாம் கிழமை 'நிலக்கிளி'. அ. பாலமனோகரன் எழுதி 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்புக் காடும் குளமும்தான் களம். 1984 இல் அந்த ஊர்ச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, அங்க எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்ட மிஞ்சினதுகளில் இந்த நாவலும் ஒன்று. கட்டாயம் வாசிக்க வையுங்கோ. தொடங்க முதல் பிள்ளைகளை உங்கட குளக்கட்டுக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. ஓகஸ்டில் தண்ணி வத்திக் கிடக்கும், துருசின் (தண்ணி திறந்துவிடுற மதகு) அடிப்படி வரை தெரியும், கலிங்கும் (மிஞ்சின தண்ணி வழிஞ்சோடுற இடம்) காய்ஞ்சிருக்கும். துருசு எது, கலிங்கு எது, அலைகரை எது என்று கையால காட்டிவிட்டால் அகராதி தேவையில்லை.

பாலைமரம்:
கடையில் இல்லாத பழைய நூல்களுக்கு முதலில் ஈழத்து நூல்களைச் சேர்த்து வைச்சிருக்கிற 'நூலகம்' இணையத்தளத்தில் தேடுங்கோ. பக்கங்கள் ஸ்கான் செய்த பிடிஎஃப் ஆக இருக்கும், கோப்பு பெரிசு. வைஃபை உள்ள இடத்தில் ஒருதரம் இறக்கி ப்ளூடூத்தால பகிருங்கோ. போனைக் கிடையாகப் பிடிச்சால்தான் எழுத்து வாசிக்கிற அளவுக்கு வரும். போட்டோக்கொப்பி அடிச்சுக் கொடுக்கிறதென்றால் எழுத்தாளரையோ குடும்பத்தையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கோ.

இன்னொன்று, யாரும் சொல்ல மறக்கிற விசயம். 1970களின் அச்சில் பழைய எழுத்துவடிவம். ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கை மாதிரிக் கொம்போட இருக்கும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடயே சுழிச்சு வரும். இப்பத்தப் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே தடக்குப்பட்டு 'எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று வெட்கப்பட்டு மூடி வைச்சிடுவினம். அந்த 7 எழுத்தையும் முதல் நாளே கரும்பலகையில் பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கமாக எழுதிவிடுங்கோ. பத்து நிமிச வேலை.

கனகராயன்:
தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' (2013) பட்டியலில் வந்தால், இந்த வயதுக்கு வட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டாம். இறுதி யுத்தத்தைப் பற்றின நல்ல நாவல், அதில் கேள்வியில்லை. ஆனால் இறுதி யுத்தத்தில் ஆக்களை இழந்த வீட்டுப் பிள்ளைகள் உங்கட 12 பேருக்குள்ளயும் இருப்பினம். மற்றவைக்கு முன்னால கேட்கிறது அவைக்குப் பாரம். ஏ.எல். பிள்ளைகளும் பெரியாக்களும் தனிய வாசிக்கட்டும்.

கடைசிக் கிழமைக்கு முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எடுங்கோ. பாத்திரங்களைப் பிரிச்சுக் கொடுத்தால் வாய் திறக்காத பிள்ளையும் பேசும். வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டையை வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பிடிச்சது 1803 ஓகஸ்ட் 25, மாதமும் பொருந்துது. நாடகம் வேற, வரலாறு வேற என்று முதலே சொல்லிவிடுங்கோ. இல்லையென்றால் வசனத்தை அப்படியே சோதனைத்தாளில் எழுதிவிட்டு வருவினம்.

கச்சான்காற்று:
நன்றி அக்கா, அண்ணைமார். அப்ப சிறுகதை 3 பிரதி, எழுத்துப் பலகை, குளக்கட்டு. திங்கள் தொடங்குறம்.