முறைத் தண்ணி அட்டவணையை ஏஐயோடு சேர்ந்து போடுவது: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

முரசுமோட்டையிலிருந்து:

இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கு. சிறுபோகத்துக்கு (கோடைப் போகம்) அதில் எவ்வளவு விதைக்கலாம், துருசு (குளத்தின் மதகு) எப்ப திறப்பது என்பது பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிற விசயம். அதில் ஏஐக்கு (செயற்கை நுண்ணறிவுக்கு) இடமில்லை. கூட்டம் முடிந்தபிறகு, ஒரு கிளை வாய்க்காலில் ஆருக்கு எப்ப தண்ணி என்று முறைபோட்டுப் பிரிக்கிற இடத்தில்தான் அது உதவும்.

"அட்டவணை போட்டுத் தா" என்று மட்டும் கேட்டால், மணித்தியாலத்தை ஏக்கர் கணக்கில் பங்கிட்டு வடிவான அட்டவணை ஒன்று தரும். வயலில் அது இரண்டாம் நாளே குழம்பும். முதலில் இப்படி எழுதுங்கோ: "இப்ப அட்டவணை வேண்டாம். அதைப் போட உனக்கு என்ன தெரியவேணும் என்று கேள்." நீரோட்டம், ஏக்கர், மண், பயிரின் வயது எல்லாம் கேட்கும். பதில் தெரியாத இடத்தில் "தெரியாது" என்றே எழுதுங்கோ. வெறுமையாக விட்டால் தானே ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடும்.

வருகிற கணக்கைக் கல்குலேட்டரில் ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. 1 கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) 24 மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணி ஒரு ஏக்கர் அடி). 120 ஏக்கருக்கு 2 அங்குலம் கட்டவேணுமென்றால் 20 ஏக்கர் அடி. வாய்க்காலில் 2 கியூசெக் ஓடினால் 5 நாள். மண் வாய்க்காலில் கால்வாசி ஊறிப்போகுது என்று எடுத்தால் 7 நாளுக்குக் கிட்ட வரும். ஏஐ அனேகமாக 5 என்று நிறுத்திவிடும், நட்டத்தை நாங்கள் சொன்னால்தான் சேர்க்கும். அந்த இரண்டு நாள் வித்தியாசம் குடலைப் பருவத்தில் (கதிர் தண்டுக்குள் இருக்கிற பருவம்) வந்தால் நெல் பதராகும்.

உருத்திரபுரத்திலிருந்து:

முரசுமோட்டை அண்ணை சொன்னதோடு இன்னொன்று. ஏஐ எப்பவும் வாய்க்காலின் தலைப்பிலிருந்து (தண்ணி நுழைகிற பக்கத்திலிருந்து) முறையைத் தொடங்கும். தலைப்புக்காரர் கட்டி முடிய, கடைசிக் காணிக்குப் போகிற நேரம் ஓட்டம் விழுந்திருக்கும். "தலைப்பு வாசல்களை மூடி, கடைசிக் காணியிலிருந்து மேலே வா. வாய்க்கால் நிரம்புகிற நேரத்தை முதல் ஆளின் முறையில் கழிக்காதே" என்று விதியாகவே கொடுக்கவேணும்.

இரவு முறையும் அப்படித்தான். 24 மணித்தியாலத்தையும் சமமாக நிரப்பிவிடும். யானை இறங்குகிற பக்கம், பெண்கள் தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகிற காணிகள், வயசானவரின் காணி, இவற்றுக்கு இரவு முறை போடக்கூடாது. இது எந்தத் தரவிலும் இல்லை, ஊரில்தான் இருக்கு. காணிகளுக்கு 1, 2, 3 என்று இலக்கம் போட்டு, "4, 9, 13 பகலில் மட்டும்" என்று கொடுத்தால் போதும். பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் ஒன்றையும் உள்ளே போடாதேங்கோ.

வவுனிக்குளம் பக்கத்திலிருந்து:

தமிழில் கேட்டால் தமிழ்நாட்டுச் சம்பா, குறுவைப் போகங்களைக் கொண்டுவந்து கலக்கும். "இலங்கை, வன்னி, காலபோகம்" (எங்கட மாரிப் போகம்) என்று முதல் வரியிலேயே எழுதுங்கோ. புசல் என்ற அளவையிலும் கவனம். எங்கட நெல் புசல் கிட்டத்தட்ட 21 கிலோ. கோதுமைப் புசலை எடுத்தால் 27 கிலோ. ஏக்கருக்கு 2 புசல் என்று கொடுத்த விதைநெல் 42 கிலோவுக்குப் பதிலாக 54 ஆகி நிற்கும். எல்லாத்தையும் கிலோவில் கொடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

கிளிநொச்சி நகரிலிருந்து, கணினிப் பக்கம்:

இந்தப் பிழைகளுக்குக் காரணம் இருக்கு. ஏஐக்குள் இருக்கிற மொழி மாதிரிகள் பொருத்தமாகத் தெரிகிற திட்டத்தை எழுதும், ஆனால் நிபந்தனை எல்லாம் நிறைவேறுதா என்று உறுதியாகச் சரிபார்க்காது. அரிசோனா அரச பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர் சுப்பாராவ் கம்பம்பாட்டி இதைத்தான் தொடர்ந்து சொல்லிவருகிறார்: யோசனையை மொழி மாதிரி தரட்டும், சரிபார்ப்பது வேறொன்றாக இருக்கட்டும். 2004இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பச்சூனிற்றி ஊர்திகளுக்கு நாசா பாவித்த மாப்ஜென் என்ற திட்டமிடல் மென்பொருளிலும் வேலை பிரிந்துதான் இருந்தது. எந்த வேலை முக்கியம் என்பது மனிதர் கையில், மின்சக்தியும் நேரமும் மீறாமல் பார்ப்பது மென்பொருளின் கையில்.

இன்னொரு ஆபத்து, அதட்டிக் கேட்டால் சரியான எண்ணையும் மாற்றிவிடும். "பிழையோ?" என்று கேட்காமல், "படிப்படியாகத் திரும்பக் கணக்குப் பார்" என்று கேளுங்கோ. உரையாடல் நீண்டால் முதலில் சொன்ன விதிகளை நழுவவிடும். அப்ப விதிகளை ஒரு பந்தியில் எழுதிப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

முத்தையன்கட்டிலிருந்து:

அறுவடை வரிசைக்கும் இதே முறை சரிவரும். ஒக்டோபர் 10 விதைத்தால் 3 மாத நெல் பிஜி 300 (Bg 300) ஜனவரி 8 அளவிலும், மூன்றரை மாத நெல் ஏரி 362 (At 362) ஜனவரி 23 அளவிலும் வெட்டுக்கு வரும். 10 தொடக்கம் 14 நாள் முந்தித் தண்ணியை வடிக்காவிட்டால் மெசின் புதையும். இந்தத் திகதிகளைப் பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பதில் ஏஐ கெட்டிக்காரன். ஆனால் உள்காணிக்கு மெசின் போகிற பாதை முன்காணி வழியாகத்தான் என்பது அதற்குத் தெரியாது. முன்காணியில் ஏரி 362, உள்காணியில் பிஜி 300 என்றால் உள்காணி நெல் இரண்டு கிழமை முற்றிக் கொட்டும். "9க்குப் போக 8 வெட்டியிருக்கவேணும்" என்று ஒவ்வொரு காணிக்கும் ஒரு வரி எழுதி, விதைக்க முதலே கொடுங்கோ. அப்பதான் இனத்தை மாற்றிப் போடச் சொல்லி 8ஆம் காணிக்காரரோடு கதைக்க நேரம் இருக்கும்.